பழைய குவாட் பைக்கிற்கும் பாதுகாப்பு வளையம் கட்டாயமா?

மலைச்சரிவு (கேள்வி)

வணக்கம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் மேடும் பள்ளமுமான நிலத்தில் இருக்கும் ஒரு மாட்டுப் பண்ணையை நானும் என் மைத்துனரும் கூட்டாக வாங்கி ஓராண்டு ஆகிறது. பண்ணையோடு வந்து சேர்ந்த பொருள்களில் 2014ஆம் ஆண்டு மாடல் குவாட் பைக்குகள் (மோட்டார் சைக்கிள் போல ஏறி உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கர வண்டிகள்) இரண்டும் அடக்கம். ஒன்றின் பின் தட்டில் களைக்கொல்லி தெளிக்கும் தொட்டி நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. மற்றொன்றை வேலி பார்ப்பதற்கும் மாடுகளை ஓட்டி வருவதற்கும் பயன்படுத்துகிறோம். சம்பளத்துக்கு ஒரு பணியாளரும் இருக்கிறார்.

சென்ற மாதம் தொட்டி பொருத்திய வண்டியைச் சரிவின் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்தேன். மேட்டுப்பக்கத்து முன்சக்கரம் ஒரு புல்திட்டின் மீது ஏறியது; அதன் உயரம் ஒரு சாணுக்கு மேல் இருக்காது. பாதி காலியாகியிருந்த தொட்டியில் தண்ணீர் பள்ளத்துப்பக்கம் மோதிய ஓசை என் முதுகுக்குப் பின்னால் தெளிவாகக் கேட்டது. அது கேட்டு முடிவதற்குள் வண்டி இரண்டு சக்கரங்களில் நின்றுவிட்டது. நான் மேட்டுப்பக்கம் குதித்துவிட்டேன். வண்டி ஒரு முழுச் சுற்று உருண்டு வேலிக் கம்பத்தில் முட்டி நின்றது. எனக்கு மணிக்கட்டில் சுளுக்கு மட்டுந்தான். ஆனால் இருக்கை இருந்த இடத்தில் மண்ணில் பதிந்திருந்த பள்ளத்தைப் பார்த்தபிறகு அன்று வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

இப்போது என் ஐயம் இது. புதிய குவாட் பைக்குகளில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வளையம் போன்ற ஒரு பாதுகாப்புச் சாதனம் கட்டாயம் என்று சொல்கிறார்கள். எங்களுடைய பழைய வண்டிகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்துமா? பொருந்தாது என்றால் அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது முறையா? மைத்துனர், "சட்டம் கேட்காததற்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்" என்கிறார். அவருடைய மகனுக்குப் பதின்மூன்று வயது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சாவியைக் கேட்கிறான். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

விதிமுறை வாசகன்

ஐயா, உயிர் தப்பியதே பெரிது. உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு சட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் விடை தானாகவே வந்துவிடும்.

முதலாவது, பொருளை விற்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டம். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் கீழ் 2019 அக்டோபரில் குவாட் பைக்குகளுக்கான பாதுகாப்புத் தரநிலை அறிவிக்கப்பட்டது. அதனைப் பரிந்துரைத்தது ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம். ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் குவாட் பைக் விபத்துகளில் இறக்கிறார்கள் என்பதே அப்போது அந்த ஆணையம் முன்வைத்த கணக்கு. தரநிலை இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. 2020 அக்டோபர் 11 முதல், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதிய வண்டியும் அமெரிக்க அல்லது ஐரோப்பியத் தரநிலையின் குறிப்பிட்ட விதிகளுக்கு உட்பட வேண்டும். கவிழும் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கை வண்டியில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். எந்தக் கோணத்தில் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து இரண்டு சக்கரங்களில் நிற்கத் தொடங்கும் என்பதைச் சோதித்து, அந்த எண்ணை ஓர் அட்டையில் அச்சிட்டு வண்டியில் தொங்கவிட வேண்டும். 2021 அக்டோபர் 11 முதல், பண்ணையில் பயன்படும் பொதுவகை வண்டிகள் குறைந்தபட்ச நிலைத்தன்மையை எட்டியிருக்க வேண்டும் என்பதோடு, நீங்கள் சொல்லும் அந்த ஓட்டுநர் பாதுகாப்புச் சாதனமும், அதாவது ஓபிடியும், பொருத்தப்பட்டோ வண்டியின் அமைப்பிலேயே இணைந்தோ வர வேண்டும். விளையாட்டு வகை வண்டிகளும் சிறுவர்களுக்கான வண்டிகளும் இந்த இரண்டாம் கட்டத்துக்குள் வரவில்லை.

இந்தத் தரநிலை புதிய வண்டிகளையும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பழைய வண்டிகளையும் மட்டுமே பிடிக்கிறது. ஏற்கெனவே இந்த நாட்டில் ஒரு கொட்டகையில் நின்றுகொண்டிருக்கும் 2014 மாடல் வண்டியை அது தொடுவதே இல்லை. இதுவரை உங்கள் மைத்துனர் சொல்வது சரி.

ஆனால் உங்களிடம் சம்பளத்துக்கு ஒருவர் வேலை செய்கிறார். ஆகவே இரண்டாவது சட்டம் உங்களைப் பிடிக்கிறது. அது 2011ஆம் ஆண்டின் பணியிட உடல்நலம் மற்றும் பாதுகாப்புச் சட்டம். "இந்தப் பொருளில் இன்னின்ன பாகம் இருக்க வேண்டும்" என்று பட்டியலிடும் சட்டம் அல்ல அது. ஆபத்தை நீக்க நியாயமான அளவில் எவற்றையெல்லாம் செய்ய முடியுமோ அவற்றையெல்லாம் தொழில் நடத்துபவர் செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் சட்டம். அதன் கீழுள்ள விதிகளில், இயந்திர விசையால் நகரும் சாதனங்கள் கவிழ்வது, ஓட்டுநர் தூக்கி எறியப்படுவது ஆகிய ஆபத்துகள் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டு, அவற்றுக்குப் பொருத்தமான பாதுகாப்புச் சாதனங்களை இயன்றவரை வழங்கிப் பராமரிக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. வண்டி எந்த ஆண்டில் வாங்கப்பட்டது என்பது அந்த விதிக்கு ஒரு பொருட்டே அல்ல. நாளை உங்கள் பணியாளருக்கு ஏதேனும் நேர்ந்து விசாரணை வந்தால், "பழைய வண்டிக்கும் மாட்டக்கூடிய சாதனம் சந்தையில் இருக்கிறது, அதன் விலையும் எட்டாத விலை அல்ல, உங்கள் வண்டி ஏற்கெனவே ஒருமுறை கவிழ்ந்தும் இருக்கிறது, பிறகு ஏன் மாட்டவில்லை" என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சென்ற மாதம் நடந்தது உங்களுக்கு முன்னறிவிப்பாக ஆகிவிட்டது. இனி, ஆபத்து தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

பையனைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பெரியவர்களுக்கான குவாட் பைக்கைப் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டக் கூடாது என்று தயாரிப்பாளர்களே வண்டியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சாவியை உயரத்தில் மாட்டுங்கள்.

---

முப்பது வருட மேய்ச்சல்

தம்பி, மேலே எழுதியவர் சட்டத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் முப்பது வருடங்களாக இந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில், எல்லோரும் ஓபிடியை ஏதோ தாயத்து மாதிரி பேசுவதைக் கேட்டால் எனக்குச் சற்றுக் கசப்பாகத்தான் இருக்கிறது.

குவாட் பைக் உட்கார்ந்து ஓட்டும் வண்டி அல்ல. உடம்பால் ஓட்டும் வண்டி. மேடு ஏறும்போது முன்னால் சாய வேண்டும், சரிவின் குறுக்கே போகும்போது மேட்டுப்பக்கம் உடம்பைக் கொண்டுபோக வேண்டும், திருப்பத்தில் உள்பக்கம் எடையை வைக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பியை நட்டுவிட்டால் அது மரக்கிளையில் மாட்டுகிறது, பின்பக்கமாக இறங்க வழியில்லை, வண்டி உருளும்போது அந்தக் கம்பியே ஆளின் மீது விழாது என்பதற்கு யார் உத்தரவாதம்? தயாரிப்பு நிறுவனங்கள் இதைத்தான் வருடக்கணக்கில் சொல்லிவந்தன. கணினியில் உருளும் விபத்துகளை ஓட்டிப்பார்த்து, ஓபிடி தடுக்கும் காயங்களுக்கு நிகராக அதுவே புதிய காயங்களையும் உண்டாக்கக்கூடும் என்றார்கள். ஹெல்மெட், பயிற்சி, பின்னால் ஆள் ஏற்றாமை, குழந்தைகளை விலக்குதல் ஆகிய நான்கும் போதும் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. சட்டம் வந்தபோது ஹோண்டாவும் யமஹாவும் இந்த நாட்டில் பண்ணை குவாட் பைக் விற்பனையை விட்டே விலகுவதாக அறிவித்தன. நல்ல வண்டிகள் சந்தையிலிருந்து போனதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு மிச்சம்.

அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே 2023 நவம்பர் 20 முதல், வேலைக்காகக் குவாட் பைக் ஓட்டுபவர் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்திருக்க வேண்டும், ஹெல்மெட் அணிய வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். அவர்கள் மனிதனைத் திருத்துகிறார்கள். இங்கே இரும்பைத் திருத்துகிறார்கள். ஓட்டத் தெரியாதவன் வளையம் வைத்த வண்டியிலும் விழுவான்.

உங்கள் விஷயத்திலேயே பாருங்கள்: பாதித் தொட்டியோடு சரிவின் குறுக்கே போனது தவறு. அதை எந்த வளையமும் திருத்தப்போவதில்லை.

---

சாய்மேசை

பெரியவர் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொண்டு மீதியை மறுக்கிறேன். பண்ணை எந்திரங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்த வண்டி ஏன் இவ்வளவு எளிதில் கவிழ்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு வண்டி பக்கவாட்டில் கவிழாமல் நிற்பது இரண்டு அளவுகளைப் பொறுத்தது: இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதி, தரையிலிருந்து ஈர்ப்பு மையத்தின் உயரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே தரநிலை பேசும் நிலைத்தன்மை விகிதம். புதிய வண்டிக்குப் பக்கவாட்டில் அது குறைந்தது 0.55 இருக்க வேண்டும். முன்பின்னாகக் குறைந்தது 0.8. கோணத்தில் சொன்னால், பக்கவாட்டில் ஏறத்தாழ 29 பாகை, முன்பின்னாக ஏறத்தாழ 39 பாகை. சாய்மேசை என்ற பலகையின் மேல் வண்டியை நிறுத்தி, பலகையை மெல்லச் சாய்த்துக்கொண்டே போய் இதை அளக்கிறார்கள்.

29 பாகை என்பது காகிதத்தில் தாராளமாகத் தெரியும். ஆனால் அது அசையாமல் நிற்கும் வண்டியின் கணக்கு. 20 பாகைச் சரிவில் போய்க்கொண்டிருக்கும்போது மேட்டுப்பக்கச் சக்கரம் ஒரு சாண் உயரத் திட்டில் ஏறினால், அந்த ஒரு சாணே பத்துப் பாகைக்கு மேல் சேர்த்துவிடும். சக்கரங்களுக்கு இடையிலான அகலம் அவ்வளவு குறைவு. அதோடு தொட்டித் தண்ணீர் பள்ளத்துப்பக்கம் ஓடினால் ஈர்ப்பு மையமும் கூடவே நகர்கிறது. நிரம்பிய தொட்டி கனம், அது ஈர்ப்பு மையத்தை உயர்த்தும். பாதித் தொட்டியிலோ கனம் குறைவு, ஆனால் அது அலைமோதும். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத தொட்டியாக இருந்தால் இந்த இரண்டாவது இன்னும் மோசம். மலைச்சரிவு அவர்கள் முதுகுக்குப் பின்னால் கேட்ட ஓசை அதுதான்.

இதனோடு இன்னும் இரண்டு பண்புகள் சேர்கின்றன. பல பண்ணை வண்டிகளில் பின் அச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆகவே திரும்பும்போது ஒரு சக்கரம் வழுக்கியாக வேண்டும். மென்மண்ணில் அது வழுக்கும். கெட்டித் தரையிலோ தார்ச்சாலையிலோ வழுக்க மறுத்து, வண்டியை நேராகவே இழுத்துச் செல்லும் அல்லது கவிழ்க்கும். டயர்களோ மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடுபவை. பெரும்பாலும் 2 முதல் 7 பிஎஸ்ஐக்குள் இருக்கும். கார் டயருக்கு வைக்கும் அளவி அந்த இடத்தில் சரியாகக் காட்டவே காட்டாது. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஓரிரு பிஎஸ்ஐ வேறுபட்டாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். குறைந்த அழுத்தத்துக்கென்றே விற்கும் அளவியை வாங்கி, சாவி மாட்டும் ஆணியிலேயே தொங்கவிட்டுவிடுங்கள். தேடும் வேலை இல்லையென்றால்தான் ஆள் அதை எடுப்பார்.

இனி, பெரியவர் எழுப்பிய மறுப்புக்கு வருகிறேன். உடம்பைச் சாய்த்து ஓட்டுவது உண்மையிலேயே உதவுகிறது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வண்டியின் எடை முந்நூறு கிலோ அளவில் இருக்கும்போது, எண்பது கிலோ மனிதர் சாய்வதால் கிடைக்கும் லாபம் ஒரு எல்லைக்குட்பட்டதுதான். மேலும், காலையிலிருந்து ஓட்டிக் களைத்து, மாட்டைப் பார்த்துக்கொண்டே வரும் ஒருவர் ஒவ்வொரு நொடியும் சரியாகச் சாய்வார் என்று எதிர்பார்க்கும் வடிவமைப்பை நான் நல்ல வடிவமைப்பு என்று சொல்ல மாட்டேன். இங்கே இறந்தவர்களில் முப்பது, நாற்பது வருட அனுபவம் உள்ளவர்களும் உண்டு.

கணினிக் கணிப்புகள் குறித்து நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நீண்ட காலம் சர்ச்சை நடந்தது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரஃபேல் கிரெபீட்டா தலைமையில் நடந்த திட்டத்தில், வண்டிகளைச் சாய்மேசையிலும் ஓட்டத்திலும் உருட்டுச் சோதனைகளிலும் நேரடியாகவே ஆராய்ந்தார்கள். 2015இல் நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் குவாட் பைக் மரணங்களைத் தொகுத்து மரண விசாரணைகள் நடந்தன. இவற்றுக்கெல்லாம் பிறகுதான் தரநிலை வந்தது. ஏதோ ஓர் அதிகாரி ஒரே இரவில் எழுதியது அல்ல.

டிராக்டரின் கதையையும் பெரியவர் மறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். உருளும்போது ஓட்டுநரைக் காக்கும் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களுக்கு முதலில் கட்டாயமாக்கிய நாடு சுவீடன், ஆண்டு 1959. அதற்குப் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர்கள் படிப்படியாகக் குறைந்து ஏறக்குறைய இல்லாமலே போனார்கள். அப்போதும், "ஓட்டத் தெரிந்தவனுக்கு எதற்குச் சட்டகம், கிளையில் மாட்டும், இறங்க முடியாது" என்ற பேச்சு விவசாயிகளிடம் இருக்கத்தான் செய்தது. இன்று சட்டகம் இல்லாத டிராக்டரில் பெரியவரே ஏற மாட்டார்.

ஆனால் டிராக்டரோடு ஒப்பிடுவதற்கு ஓர் எல்லை உண்டு. இதை ஓபிடி விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். டிராக்டரில் சட்டகமும் இருக்கைப் பட்டையும் சேர்ந்து ஓட்டுநரைச் சட்டகத்துக்கு உள்ளேயே வைத்திருக்கின்றன. குவாட் பைக்கில் பட்டை கிடையாது. ஓட்டுநர் வெளியே விழுவார். ஓபிடியின் வேலை, விழுந்தவர் மீது வண்டி முழுப் பாரத்தோடு படுத்துவிடாமல் ஒரு சிறு இடைவெளியை விட்டுவைப்பது, சில சமயம் முழுச் சுற்று உருளாமல் தடுப்பது, அவ்வளவே. அது கவிழ்வதைத் தடுக்காது. பெரியவர் சொன்னபடி, பாதித் தொட்டியின் தவறை அது திருத்தாது என்பதும் உண்மை. தவறு நடந்த பிறகு தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு மார்புக்கு இடம் இருக்குமா என்பதே அது பதில் சொல்லும் ஒரே கேள்வி.

---

மேற்குச் செவிலி

அந்தக் கடைசி வரியைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒரு சிறு ஊர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவள்.

குவாட் பைக் மரணம் என்றால் எல்லோரும் உடைந்த எலும்பையும் தலைக்காயத்தையும் நினைக்கிறார்கள். அவையும் வரும், ஹெல்மெட் அதற்காகத்தான். ஆனால் நான் மறக்க முடியாமல் இருப்பது வேறு வகை. உடம்பில் பெரிய காயம் ஏதும் இருக்காது. வண்டி நெஞ்சின் மீது படுத்திருக்கும், மனிதர் சுயநினைவோடுதான் இருந்திருப்பார். மூச்சை வெளியே விடலாம், உள்ளே இழுக்க நெஞ்சு விரியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. வண்டியைத் தூக்க இரண்டு பேர் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் எழுந்து நடந்திருப்பார் என்பதை அவருடைய குடும்பத்தாரிடம் நாங்கள் சொல்வதில்லை. அவர்களாகவே பிறகு கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

பண்ணையில் தனியாக வேலை செய்பவர்களே அதிகம். கைப்பேசி சட்டைப்பையில் இருந்தாலும் கை எட்டுவதில்லை. எட்டினாலும் பள்ளத்தாக்கில் சிக்னல் இருப்பதில்லை. ஆகவே மலைச்சரிவு அண்ணா, வளையம் மாட்டுவது ஒருபுறம் இருக்கட்டும், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். செயற்கைக்கோள் வழியே அபாய அழைப்பு அனுப்பும் சிறு பீக்கன் ஒன்றை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். வண்டியில் மாட்டிவைத்தால் வண்டியோடு அது உருண்டு போய்விடும். அதை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் கட்டணமில்லாமல் பதிவு செய்யலாம்.

ஹெல்மெட் சூடாக இருக்கிறது என்று கழற்றி முன் தட்டில் வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நியூசிலாந்தில் என்.இசட்.எஸ். 8600 என்ற தரத்தில் பண்ணை வண்டிகளுக்கென்றே இலேசான ஹெல்மெட் வந்திருக்கிறது. போட்டுக்கொள்ள மனம் வரும் ஹெல்மெட்டை வாங்குங்கள்.

---

மலைச்சரிவு

எல்லோருக்கும் மிக்க நன்றி. செவிலி அக்கா எழுதியதை மைத்துனரிடம் படித்துக் காட்டினேன். அவர் எதுவும் பேசவில்லை. பிறகு சாவிகளை எடுத்துக் கருவி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

இரண்டு வண்டிகளுக்கும் ஓபிடி மாட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இப்போது வேறொரு ஐயம். ஓபிடியில் கெட்டியான ஒற்றைக் கம்பியாக நிற்கும் வகையும், பல கண்ணிகள் கோத்ததுபோல் வளையும் வகையும் இருப்பதாகப் பார்த்தேன். எங்கள் தொட்டி பின் தட்டில் இருக்கிறது. ஓபிடியும் அங்கேதான் மாட்ட வேண்டும் என்கிறார்கள். தொட்டியை முன் தட்டுக்கு மாற்றிவிடலாமா?

---

சாய்மேசை

வேண்டாம். முன் தட்டு அவ்வளவு பாரம் சுமக்கச் செய்யப்பட்டது அல்ல; அதன் சுமை எல்லை பின் தட்டைவிடக் குறைவு. தட்டின் மீதே ஒரு ஒட்டு இருக்கும், படித்துப் பாருங்கள். முன் சக்கரங்களில் பாரம் கூடினால் ஹேண்டில்பார் கனமாகும். இறக்கத்தில் வண்டி முன்புறமாகக் குப்புறக் கவிழும் ஆபத்தும் கூடும்.

சரியான கேள்வி, அந்தத் தொட்டி குவாட் பைக்கில் இருக்கத்தான் வேண்டுமா என்பது. ஆபத்தை நீக்க முடியுமா, நீக்க முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள ஒன்றைக்கொண்டு மாற்ற முடியுமா, அதுவும் முடியாவிட்டால்தான் பாதுகாப்புச் சாதனம், கடைசியில் பயிற்சியும் ஹெல்மெட்டும் என்ற வரிசையில்தான் பணியிடச் சட்டமும் யோசிக்கச் சொல்கிறது. மருந்து தெளிப்பதற்குச் சைடு பை சைடு வண்டி (கார் போல அருகருகே இருக்கைகளும் ஸ்டீயரிங்கும் உள்ள சிறு பண்ணை வண்டி) பொருத்தம்: அகலம் அதிகம், உருளும்போது காக்கும் சட்டகமும் இருக்கைப் பட்டையும் உண்டு, பட்டையைப் போட்டிருக்கும்வரை ஓட்டுநர் சட்டகத்துக்குள்ளேயே இருப்பார். போடாவிட்டால் அதே சட்டகம் அவர் மீது விழும். விலை கூடுதல்தான், ஆனால் பழைய குவாட் ஒன்றை விற்றுவிட்டால் மூன்றாவது வண்டியைப் பராமரிக்கும் செலவு மிச்சமாகும். செங்குத்தான பகுதியில் எந்த வண்டியையும் ஏற்றாமல், நீளமான குழாய்ச் சுருளை வைத்துக்கொண்டு நடந்தே தெளிப்பதும் ஒரு வழி. அது அலுப்பான வேலை, செய்திருக்கிறேன்.

ஓபிடி வகைகளைப் பொறுத்தவரை, பொதுவாக, கெட்டிக் கம்பி பின்புற இழுவைக் கொக்கியிலும் பின் தட்டிலும் பற்றி நிற்கும்; வளையும் வகை பின் தட்டின் மீது உட்காரும், ஆள் மீது பட்டால் வளைந்து கொடுக்கும். இரண்டில் எதை வாங்கினாலும், தரநிலை ஏற்கும் வகைதானா, உங்கள் மாடலுக்குரிய பிடிப்புகள் அதில் உண்டா என்பதைக் கேட்டு வாங்குங்கள். பட்டறையில் யாராவது, "நானே குழாயை வளைத்துப் பற்றவைத்துத் தருகிறேன்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். எவ்வளவு பாரத்தில் வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது என்று கணக்கிட்டுச் செய்யும் பொருள் அது.

---

முப்பது வருட மேய்ச்சல்

சாய்மேசை சொன்ன டிராக்டர் விஷயத்தில் நான் மாட்டிக்கொண்டேன். என் தகப்பனார் சட்டகத்தை எதிர்த்தவர்தான். ஆனாலும் பயிற்சியைக் கடைசி வரிசையில் தள்ளுவதை நான் ஒப்புக்கொள்ளப்போவதில்லை. நியூசிலாந்தில் வளையத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்காமல், பாதுகாப்பு அமைப்பின் வலுவான பரிந்துரையாகவே வைத்திருக்கிறார்கள். அங்கேயும் விவசாயிகள் தாமாகவே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள். வளையம் மாட்டிய முதல் வாரம் உங்கள் பணியாளரோடு சேர்ந்து உங்கள் நிலத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்தச் சரிவில் வண்டி போகவே கூடாது என்று இருவரும் பேசி முடிவு செய்து, அங்கே வேலிக் கம்பத்தில் சிவப்புச் சாயம் அடித்துவிடுங்கள். சென்ற மாதம் உங்கள் வண்டி முட்டி நின்ற கம்பத்திலிருந்தே தொடங்கலாம்.

---

விதிமுறை வாசகன்

சாயம் அடித்த நாளையும், யார் யாருக்குச் சொன்னீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி, பணியாளரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். சென்ற மாதம் நடந்ததையும் அதே நோட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

---

சாய்மேசை

ஒன்றை விட்டுவிட்டேன். உருண்ட வண்டியின் பின் தட்டையும் இழுவைக் கொக்கியையும் அவிழ்த்து, பற்றவைப்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதில் ஓபிடியை மாட்டுங்கள். விரிசல் விட்ட தட்டில் நிற்கும் வளையம் எதையும் தாங்காது. மாட்டிய பின் முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குள் போல்ட்டுகளை ஒருமுறை மறுபடி முடுக்கிவிடுங்கள். அதிர்வில் அவை நெகிழும்.